தோட்டத்துச் சாலையும் சாலைதான்: மோட்டார் காப்புறுதியில் பலர் கவனிக்காத விதிகள்

தெலுக் பங்லிமா காராங் பக்கமிருந்து பாலத்தைக் கடந்தால் கேரி தீவு. எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கி நிற்கும் இந்தத் தீவில், சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்பனைதான். ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்ட், கோல்டன் ஹோப், சைம் டார்பி என்று நிர்வாகத்தின் பெயர்கள் மாறி, 2024 முதல் எஸ்டி கத்ரி என்று ஆகியிருக்கிறது. நிர்வாகம் எத்தனை முறை மாறினாலும் தோட்டத்துக்குள் மாறாத பேச்சு ஒன்று உண்டு: "லயத்திலிருந்து ஆபீஸ் வரைக்கும்தானே போறோம், உள்ளேயே ஓடுற மோட்டாருக்கு இன்சூரன்ஸ் எதுக்கு?"

கேரி தீவில் மட்டும் கேட்கும் பேச்சல்ல இது. பந்திங், கிள்ளான், கோல லங்காட் வட்டாரத்துத் தோட்டங்கள் எல்லாவற்றிலும், அங்கிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்து மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழும் குடும்பங்களிலும் இதே எண்ணம் இருக்கிறது. விபத்து நடக்கும் நாள் வரை அது தவறு என்று யாருக்கும் தெரிவதில்லை.

எது சாலை?

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், அதாவது சட்டம் 333, சாலை என்பதற்குத் தரும் விளக்கம் விரிவானது. அரசாங்கம் போட்ட பொதுச் சாலை மட்டும் சாலை அல்ல. பொதுமக்கள் வந்துபோகக்கூடிய வேறு எந்தச் சாலையும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். நிலம் யாருடையது, தார் போட்டது யார் என்பதைவிட, அந்த வழியில் பொதுமக்கள் வருகிறார்களா என்பதே முக்கியக் கேள்வி.

இந்த அளவுகோலைக் கேரி தீவுக்கு வைத்துப் பார்த்தால் விஷயம் எளிதாகப் புரியும். சுங்கை பும்பூனில் இருக்கும் மா மேரி பூர்வகுடி மக்களின் கிராமத்துக்கு மரச்சிற்பம் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். கடல் உணவு சாப்பிட வார இறுதியில் கார்கள் வரிசையாக வருகின்றன. பள்ளிக்கு ஆசிரியர்களும், கோயில் திருவிழாவுக்கு உறவினர்களும் வருகிறார்கள். இத்தனை பேர் புழங்கும் வழியைத் தனியார் நிலம் என்று சொல்லி, காப்புறுதி இல்லாத வண்டியோடு நீதிமன்றத்தில் தப்பிப்பது கடினம். மரங்களுக்கு நடுவே வேலையாட்கள் மட்டுமே போகும், கேட் போட்டுப் பூட்டிய தடம் வேறு கதை. அங்கும்கூட அது பொதுமக்கள் அணுகும் இடமா இல்லையா என்பதை, நடந்த சம்பவத்தின் உண்மைகளை வைத்து நீதிமன்றம்தான் முடிவு செய்யும். அந்த வாதம் ஜெயிக்குமா என்று பார்ப்பதற்காக ஒருவர் காப்புறுதி எடுக்காமல் இருப்பது புத்திசாலித்தனமான சூதாட்டம் அல்ல.

90ஆவது பிரிவு

மூன்றாம் தரப்பினருக்கு ஏற்படும் ஆபத்துக்குக் காப்புறுதி இல்லாமல் மோட்டார் வாகனத்தைச் சாலையில் பயன்படுத்துவது குற்றம் என்கிறது சட்டம் 333இன் 90ஆவது பிரிவு. தான் ஓட்டுவது மட்டுமல்ல, பிறரை ஓட்ட விடுவதும், ஓட்டக் காரணமாக இருப்பதும் அதே குற்றம்தான். தண்டனை 1,000 வெள்ளிக்கு மேற்போகாத அபராதம், அல்லது 3 மாதத்துக்கு மேற்போகாத சிறை, அல்லது இரண்டும். இதில் பலர் கவனிக்காத இன்னொன்று, தண்டிக்கப்பட்ட நாளிலிருந்து 12 மாதங்களுக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் தகுதி பறிபோவது. சிறப்புக் காரணம் இருந்தால் மட்டுமே நீதிமன்றம் இதைத் தளர்த்தும். லோரி ஓட்டிப் பிழைப்பவருக்கு ஆயிரம் வெள்ளி அபராதத்தைவிட ஓராண்டு லைசென்ஸ் இல்லாமல் போவதுதான் பெரிய அடி.

இந்த விதி மலேசியாவில் முளைத்ததல்ல. மோட்டார் வண்டி மோதிச் செத்தவரின் குடும்பம் வழக்கில் ஜெயித்தாலும், ஓட்டியவரிடம் கொடுக்கப் பணம் இல்லையென்றால் தீர்ப்பு வெறும் காகிதம். நூறாண்டுகளுக்கு முன் பல நாடுகளைத் தொந்தரவு செய்த சிக்கல் இது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1925இல் 'நிதிப் பொறுப்பு' என்ற வழியைக் கொண்டுவந்தது: விபத்து செய்தவர், இழப்பைக் கட்டும் வசதி தனக்கு உண்டு என்று காட்ட வேண்டும். பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸ் 1927 முதல் காப்புறுதியையே கட்டாயமாக்கியது. பிரிட்டனில் 1930ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் செய்தது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நாடுகளுக்கு வந்து சேர்ந்தது பிரிட்டனின் வழிதான்.

அமெரிக்காவில் இன்றும் ஒவ்வொரு மாநிலமும் குறைந்தபட்சத் தொகை ஒன்றை நிர்ணயிக்கிறது. கலிபோர்னியாவில் ஒருவருக்கு ஏற்படும் காயத்துக்கு 15,000 டாலராக இருந்த அளவு 2025 தொடக்கத்தில்தான் 30,000 ஆனது. மருத்துவச் செலவு அதைத் தாண்டினால் மிச்சத்துக்கு ஓட்டுநரின் சொந்தப் பணத்தைத்தான் தேட வேண்டும். மலேசியாவில் மூன்றாம் தரப்பினரின் மரணத்துக்கும் காயத்துக்கும் அப்படி உச்சவரம்பு கிடையாது. நீதிமன்றம் எவ்வளவு தீர்ப்பளிக்கிறதோ அதைக் காப்புறுதி நிறுவனம் கட்ட வேண்டும். மற்றவரின் வண்டி, மதில், கடை போன்ற சொத்துச் சேதத்துக்கு மட்டும் வழக்கமான பாலிசியில் 30 லட்சம் வெள்ளி என்ற வரம்பு உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மலேசிய ஏற்பாடு பணக்கார நாட்டு ஏற்பாட்டைவிட மேலானது.

பின்னால் உட்கார்ந்தவர் யார்?

மூன்றாம் தரப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன், தன்னையும் காப்புறுதி நிறுவனத்தையும் தவிர மற்ற எல்லாரும் அதில் அடக்கம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வரும் மனைவியும், காரின் பின்னிருக்கையில் இருக்கும் அம்மாவும், சட்டம் கட்டாயமாக்கிய காப்புறுதிக்குள் பொதுவாக வருவதில்லை. வாடகைக்கு ஏற்றிச் செல்லப்படுபவர், வேலை ஒப்பந்தத்தின் பேரில் ஏற்றிச் செல்லப்படுபவர் ஆகியோருக்குத்தான் சட்டத்தின் 91ஆவது பிரிவு விதிவிலக்குத் தருகிறது.

இதன் பொருளைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். அப்பா மகளைப் பின்னால் வைத்துப் பள்ளிக்குக் கொண்டு போகிறார். எதிரே வந்த காரின் தவற்றால் விபத்து என்றால், அந்தக் காரின் காப்புறுதியிலிருந்து மகளுக்கு இழப்பீடு கேட்கலாம். அந்தக் காருக்கு அவள் மூன்றாம் தரப்பு. ஆனால் அப்பாவே மழையில் வேகமாக வளைத்துச் சறுக்கினால்? தவறு அப்பாவுடையது, அப்பாவின் பாலிசிக்கு மகள் மூன்றாம் தரப்பு அல்ல. அவளுடைய கால் எலும்புக்கு அந்தப் பாலிசி ஒரு காசும் தராது. இந்தியாவிலும் நிலைமை இதுதான். சட்டப்படியான குறைந்தபட்சப் பாலிசி இலவசமாகப் பின்னால் உட்கார்ந்து வருபவரைக் காக்காது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லிவிட்டது.

இதற்கு வழி இருக்கிறது. காரென்றால் பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்ற கூடுதல் காப்பு. மோட்டார் சைக்கிளென்றால் பின்னால் அமர்பவருக்கான கூடுதல் காப்பு. பாலிசியோடு சிறிய தொகை சேர்த்துக் கட்டினால் கிடைக்கும். முகவர்கள் பலர் இதைத் தாமாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். இந்நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பதை நினைத்தால், இது கேட்டு வாங்க வேண்டிய ஒன்று.

ஓட்டுபவரின் நிலை இன்னும் மோசம். மூன்றாம் தரப்புப் பாலிசி என்றாலும் முழுக் காப்புறுதி என்றாலும், தன் தவற்றால் விழுந்தவரின் உடல் காயத்துக்கு அது மருந்தாகாது. முழுக் காப்புறுதி காக்கும் 'சொந்தச் சேதம்' என்பது வண்டியின் சேதம். உடலுக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி வேண்டும்.

வேலைக்குப் போகும் வழியிலோ வீடு திரும்பும் வழியிலோ நடந்த விபத்தென்றால் சொக்சோ கைகொடுக்கும். 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பயணத்தையும் வேலை சார்ந்ததாகவே கருதுகிறது, தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை. ஆனால் நேர்வழியை விட்டு விலகிச் சொந்த வேலையாக வேறெங்காவது போயிருந்தால் சிக்கல் வரும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவில் இருக்கிறார்கள். தோட்டத்து லோரியிலும் டிராக்டரிலும் வேலைத்தளத்துக்குப் போகும் ஆட்களுக்கு விபத்தானால் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான். பட்டணத்தில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்களுக்கு 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனிச் சந்தாத் திட்டம் இருக்கிறது.

பெயர் மாற்றாத வண்டிகள்

தோட்டத்தில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்? கிராணி ஒருவருக்கு விற்பார், அவர் மச்சானுக்குக் கொடுப்பார், மச்சான் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 800 வெள்ளிக்குத் தள்ளிவிடுவார். ஜேபிஜே பதிவில் இன்னமும் கிராணியின் பெயரே இருக்கும். பையன் யாரையாவது இடித்துவிட்டால், போலீசார் முதலில் போய் நிற்பது பணி ஓய்வு பெற்று ஈப்போவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் கிராணியின் வாசலில்.

காப்புறுதி என்பது வண்டியோடு ஒட்டிக்கொண்டு போகும் பொருள் அல்ல, ஒருவரோடு செய்துகொண்ட ஒப்பந்தம். விற்றவரின் பாலிசி வாங்கியவருக்குத் தானாகச் சேராது. பெயர் மாற்றும்போது வாங்கியவரின் பெயரில் புதிய காப்புறுதி எடுத்தாக வேண்டும். பழைய பாலிசியில் மிச்சமிருக்கும் நாட்களை நம்பி ஓட்டுபவர், காப்புறுதி இல்லாமல் ஓட்டுபவருக்குச் சமமாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

இறந்துபோன அப்பாவின் காரும் இப்படித்தான். இறந்தவர் யாரோடும் ஒப்பந்தம் செய்ய முடியாது. அவர் பெயரிலேயே ஆண்டுதோறும் காப்புறுதி புதுப்பித்து ஓட்டினால், பெரிய இழப்பீடு கேட்கும் நாளில்தான் நிறுவனம் பழைய தாள்களைப் புரட்டிப் பார்க்கும். சொத்தின் வகையையும் மதிப்பையும் பொறுத்து அமானா ராயாவிலோ நில அலுவலகத்திலோ வாரிசு உத்தரவு பெற்று ஜேபிஜேயில் பெயர் மாற்றிவிடுவதுதான் வழி. அலைச்சல் உண்டு, ஆனால் ஒரு முறைதான்.

இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது 'சம்போங் பாயார்'. வங்கிக் கடனில் இருக்கும் காரை, மிச்சத் தவணையைக் கட்டுகிறேன் என்று சொல்லி வாய்ப்பேச்சில் வாங்கிக்கொள்வது. வங்கியின் சம்மதம் இல்லாமல் இப்படிக் கைமாற்றுவதை 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் அனுமதிப்பதில்லை. கார் திருடு போனால் பணம் கேட்கும் உரிமை பதிவில் உள்ளவருக்கு, அதிலும் முதல் பங்கு வங்கிக்கு. மாதந்தோறும் கட்டியவர் கையில் ரசீது மட்டும் மிஞ்சும்.

"எங்க பையன்தான் ஓட்டினான்"

250 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு லைசென்ஸ் எடுக்கக் குறைந்தபட்ச வயது 16, காருக்கு 17. ஆனாலும் ஏழாம் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் கடைக்குப் போய்வர அப்பாவின் கப்சாயை எடுப்பது தோட்டத்தில் சாதாரணம். அந்தப் பிள்ளை ஒரு பாட்டியை இடித்துவிட்டால் என்ன ஆகும்?

பாட்டியைச் சட்டம் கைவிடுவதில்லை. ஓட்டியவரின் வயது, லைசென்ஸ் இல்லாமை, மது அருந்தியிருந்தது, வண்டியின் நிலை, எத்தனை பேரை ஏற்றியது போன்ற காரணங்களைக் காட்டி, பாதிக்கப்பட்ட மூன்றாம் தரப்பினருக்குப் பணம் தர மறுக்க நிறுவனத்துக்கு இடமில்லை என்கிறது 95ஆவது பிரிவு. ஆனால் அதே பிரிவின் மறுபாதி பிள்ளையின் அப்பாவைப் பிடிக்கும். இப்படிக் கட்டிய பணத்தைப் பாலிசிதாரரிடமிருந்து திரும்ப வசூலிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. பாட்டிக்கு ஒரு லட்சம் வெள்ளி கொடுத்தால், அந்த ஒரு லட்சத்துக்கும் அப்பாவிடம் கோரிக்கைக் கடிதம் வரும். ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து வீடு வாங்கலாம் என்றிருந்த குடும்பத்துக்கு இது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

வாடகைக்கு ஓட்டும் தனியார் கார்களும் இதே வகையில் சேரும். ஓய்வு பெற்றவர் தன் வேனில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போய் மாதக் கட்டணம் வாங்குகிறார். நல்ல மனிதர், பிள்ளைகளும் பத்திரமாகப் போகிறார்கள். ஆனால் தனியார் கார் பாலிசியில் வாடகைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கும். இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு அதற்கென்றே கூடுதல் காப்பு உண்டு. பள்ளி வேனுக்கு உரிய உரிமமும் அதற்கேற்ற காப்புறுதியும் வேண்டும். பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி மாதக் கட்டணம் எவ்வளவு என்பதல்ல.

கட்டணமும் தள்ளுபடியும்

மூன்றாம் தரப்புப் பாலிசியின் அடிப்படைக் கட்டணம் இன்றும் அரசு அங்கீகரித்த அட்டவணைப்படிதான். முழுக் காப்புறுதியும், தீ மற்றும் திருட்டோடு சேர்ந்த மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் 2017 ஜூலை முதல் அட்டவணையிலிருந்து விடுபட்டன. அதன் பிறகு ஒரே காருக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறுகிறது. ஓட்டுநரின் வயது, விபத்து வரலாறு, வண்டி வகை, வசிக்கும் இடம் எல்லாம் கணக்கில் வரும். ஆகவே அண்ணன் மகன்தான் முகவர் என்பதற்காக வேறெங்கும் விசாரிக்காமல் இருப்பது நஷ்டம். மோட்டார் காப்புறுதியில் பணம் கட்டிய பிறகுதான் காப்பு தொடங்கும், கடன் சொல்லி எடுக்க முடியாது. கட்டணத்தோடு 8 விழுக்காடு சேவை வரியும் 10 வெள்ளி முத்திரை வரியும் சேரும்.

கோரிக்கையில்லாத் தள்ளுபடி, எல்லாரும் சொல்லும் என்சிடி, காருக்கு முதலாண்டு முடிவில் 25 விழுக்காட்டில் தொடங்கி 30, 38.33, 45 என்று ஏறி ஐந்தாண்டில் 55 விழுக்காட்டை எட்டும். மோட்டார் சைக்கிளுக்கு 15, 20, 25. இது வண்டிக்குரியது அல்ல, சொந்தக்காரருக்கு உரியது. பழைய காரை விற்றுப் புதிது வாங்கினால் தள்ளுபடியைக் கூடவே கொண்டு போகலாம். ஒரு முறை சொந்தச் சேதத்துக்குப் பணம் கேட்டால் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

இந்த இறக்கத்தின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தள்ளுபடிக்கு முன் கட்டணம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காடு உள்ளவர் 450 வெள்ளி கட்டுகிறார். கோரிக்கைக்குப் பிறகு அவர் முதல் ஆண்டில் 1,000, அடுத்து 750, 700, 616.70, 550 என்று கட்டித்தான் பழைய 450க்குத் திரும்புவார். ஐந்தாண்டில் கூடுதலாகப் போவது 1,366.70 வெள்ளி, சேவை வரியையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,476. பின் பம்பரில் 900 வெள்ளிச் சேதத்துக்குக் காப்புறுதியைத் தொடுவது லாபமா என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். தவறு மற்றவருடையதாக இருந்தால் நிலைமை வேறு. மற்றவரின் நிறுவனத்திடம் கேட்கும்போது தள்ளுபடி போகாது.

பாலிசியில் பெயர் குறிப்பிடாதவர், 21 வயதுக்குக் குறைந்தவர், பி லைசென்ஸ்காரர் ஓட்டி விபத்தானால் முதல் 400 வெள்ளியைச் சொந்தக்காரரே ஏற்க வேண்டிய விதியும் உண்டு. பழைய காருக்குப் புதிய உதிரிப்பாகம் போடும்போது, அதன் விலையில் ஒரு பங்கையும் அவர் தலையில் வைப்பார்கள். காரின் வயதைப் பொறுத்து அது 15 முதல் 40 விழுக்காடு வரை போகும்.

வெள்ளம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான், கோல லங்காட் வட்டாரங்களிலும் தண்ணீர் ஏறியபோது, முழுக் காப்புறுதி இருக்கிறதே என்று நம்பியிருந்த பலருக்கு நெஞ்சில் இடி. முழுக் காப்புறுதி என்ற பெயரைக் கேட்டால் எல்லாம் அடக்கம் போலத் தோன்றும். வெள்ளம், நிலச்சரிவு, புயல் அதில் இல்லை. இயற்கைப் பேரிடருக்கான கூடுதல் காப்பைத் தனியே சேர்க்க வேண்டும். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

கண்ணாடியில் ஒட்டும் சாலை வரி வில்லையும் பலருக்கு ஒரு நினைவூட்டியாக இருந்தது. 2023 பிப்ரவரி 10 முதல் தனியார் வாகனங்களில் அதை ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும். வசதிதான். ஆனால் செயலியைத் திறக்காதவருக்குக் காலாவதித் தேதி கண்ணில் படுவதே இல்லை. அந்தத் தேதியை வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையில் குறிப்பது இன்றும் நல்ல வழக்கம்.

வயதான வண்டிக்கும் அடிக்கடி விபத்தான வண்டிக்கும் எந்த நிறுவனமும் காப்புறுதி தர முன்வராவிட்டால், எல்லா நிறுவனங்களும் சேர்ந்து 1992இல் அமைத்த மலேசிய மோட்டார் காப்புறுதிக் கூட்டு நிதியம் இருக்கிறது. கட்டணம் அதிகமாக இருக்கும். 'யாரும் தரவில்லை, அதனால் எடுக்கவில்லை' என்ற பதில் மட்டும் செல்லாது.

விபத்து நடந்தால்

வண்டியை நிறுத்த வேண்டும், பெயரும் முகவரியும் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். இவை 52ஆவது பிரிவு விதிக்கும் கடமைகள். 'பேசித் தீர்த்துக்கலாம்' என்று 200 வெள்ளியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவருக்கு மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் போனால், புகார் இல்லாத குறை பிறகு எல்லா இடத்திலும் முட்டும். மற்ற வண்டியின் பதிவு எண்ணையும் சாலையின் நிலையையும் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது நல்லது. புகார் மலாயில் எழுதப்படும். கையெழுத்துப் போடுமுன் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் திரும்பினார் என்பதில் ஒரு சொல் மாறினாலும் தவறு யாருடையது என்பதே மாறிவிடும்.

மருத்துவமனைப் படுக்கைக்கே வந்து, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் தரகர்களும் இருக்கிறார்கள். வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்க அவசரம் எதுவும் இல்லை; காயத்துக்கான வழக்குக்கு 6 ஆண்டுகள் அவகாசம் உண்டு. இறந்தவரின் குடும்பம் தொடுக்கும் வழக்குக்கு மட்டும் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். வழக்கு தொடுக்குமுன் அல்லது தொடுத்த 7 நாட்களுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். மோட்டார் விபத்து வழக்குகளை, தொகை எவ்வளவானாலும், செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கலாம்.

இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது தெரிந்தால் ஒரு சின்னத் தாளின் மதிப்புப் புரியும். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்தின்படி, வேலை செய்ய முடியாமல் போனவரின் எதிர்கால வருமானம் 60 வயதை அளவாக வைத்துப் பார்க்கப்படுகிறது. 30 வயதும் அதற்குக் கீழும் என்றால் 16 ஆண்டுகள். 31 முதல் 59 வரை என்றால் 60இலிருந்து வயதைக் கழித்துப் பாதியாக்க வேண்டும். 40 வயதுக்காரருக்கு 10 ஆண்டுகள். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கியவர் என்றால், கழிவுகளுக்கு முன் 2,04,000 வெள்ளி. ஆனால் அந்த 1,700 வெள்ளியை நிரூபிக்க வேண்டும். சம்பளச் சீட்டைக் கிழித்துப் போட்டவர், குத்தகைக்காரரிடம் ரொக்கக் கூலிக்கு வேலை செய்தவர், சேமநிதிச் சந்தா இல்லாதவர் இங்கேதான் தவிக்கிறார்கள்.

துக்க இழப்பீடு என்று தனியாக ஒரு தொகையும் உண்டு. அது 10,000 வெள்ளியாக இருந்தது, அதே 2019 திருத்தத்தில் 30,000 ஆனது. கணவன் அல்லது மனைவிக்கும், மணமாகாத வயது வராத பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் மட்டும் உரியது. வளர்த்த பாட்டிக்கு இல்லை.

இடித்த வண்டிக்குக் காப்புறுதியே இல்லை என்றால்? அதற்காகத்தான் மேற்கு மலேசிய மோட்டார் காப்புறுதியாளர் அமைப்பு 1968இல் போக்குவரத்து அமைச்சருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. காப்புறுதி இல்லாத வண்டியால் இறந்தவரின் குடும்பமும் காயமுற்றவரும் அதை அணுகலாம். உடைந்த வண்டிக்கு அங்கே எதுவும் கிடைக்காது. வழக்கறிஞர் இதைச் சொல்லாவிட்டால் கேட்க வேண்டும். காப்புறுதி இல்லை என்று தெரிந்த அன்றே வழக்கைக் கைவிட்ட குடும்பங்கள் உண்டு.

நிறுவனம் கோரிக்கையை மறுத்தால் அதன் இறுதிப் பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். அதில் திருப்தி இல்லாத பாலிசிதாரர் 6 மாதத்துக்குள் நிதிச் சந்தைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நிதிச் சேவைக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் என்றிருந்ததுதான் 2025 ஜனவரி முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. புகார் செய்பவருக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. பாலிசியின் நகல், போலீஸ் புகார், நிறுவனத்தின் கடிதம் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.